பத்து மாதத்தில் மூன்று கண்ணாடி: 26 வயதில் ஏறிய மைனஸ் பவர்

திருப்பூரில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகராக வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது 2022 நவம்பரில் வந்த ஒருவரின் கதை, இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தது. அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பெரியவர்களுக்குக் கிட்டப்பார்வை (தூரம் மங்கலாகி மைனஸ் கண்ணாடி தேவைப்படுவது) ஏறாது, பதினெட்டு வயதோடு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நம் துறையிலேயே நிறைய இருக்கிறார்கள். ஏறினால் உடனே புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எதனால் ஏறியது என்று நின்று கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது 26 வயது. பிளஸ் டூ படிக்கும்போது முதல் கண்ணாடி, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1. 2018-ல், 22 வயதில், மைனஸ் 1.25. அந்தச் சீட்டை பர்ஸில் நான்காக மடித்து வைத்திருந்தார், அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் கிட்டப்பார்வை, அம்மாவின் கண்ணாடி மைனஸ் 4-ஐத் தாண்டியது. அப்பாவுக்குக் கண்ணாடி கிடையாது.

படிப்பு முடித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று யூனிட் யூனிட்டாகச் சுற்ற வேண்டும், ஒரு நாளில் நான்கைந்து மணி நேரமாவது வெயிலில் போகும். 2021 ஜூலையில் அந்த வேலையை விட்டு எம்பிராய்டரி பஞ்சிங்குக்கு மாறினார். பஞ்சிங் என்றால், வாடிக்கையாளர் அனுப்பும் லோகோவை கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தையல் தையலாக வரைந்து மெஷினுக்குக் கொடுப்பது. குழந்தை டி-ஷர்ட்டின் நெஞ்சில் வரும் சின்ன எழுத்து என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் சண்டை. சாம்பிள் ஓடி வந்ததும் துணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, திரும்பவும் திரையில் திருத்த வேண்டும்.

காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை அந்த வேலை. வீட்டுக்கு வந்த பிறகு தனியாக வாங்கும் ஆர்டர்கள், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பதினொன்று, பன்னிரண்டு வரை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. அவர் உட்காரும் அறைக்கு ஜன்னல் இல்லை, ஏசி ரூம், திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒரே ஒரு டியூப்லைட்டை மட்டும் போட்டு வைத்திருப்பார்களாம்.

வேலை மாறி நான்கு மாதத்தில், 2021 நவம்பரில், கண்ணாடிக் கடையில் மைனஸ் 1.75. 2022 ஏப்ரலில் மைனஸ் 2.50. ஆகஸ்டில் வலது மைனஸ் 3.25, இடது மைனஸ் 3. மூன்றும் கம்ப்யூட்டர் டெஸ்ட் சீட்டைப் பார்த்து எழுதியவை. ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடி போட்ட அன்று எல்லாம் பளிச்சென்று இருந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் மறுபடியும் மங்கல்.

முதல் நாள், மாலை ஐந்தரை மணி

வேலையிலிருந்து பர்மிஷன் போட்டு வந்திருந்தார். "காலையில நல்லாத் தெரியுதுங்க அக்கா. சாயங்காலம் வண்டியை எடுத்தா பஸ் போர்டு தெரியறதில்லீங்க, ஒரு பத்து நிமிசம் போனாத்தான் தெளியுது" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது. கண்ணின் நீளம் (முன்னிருந்து பின் வரை) கூடி வருகிற உண்மையான கிட்டப்பார்வை காலைக்கும் மாலைக்கும் இப்படி மாறாது. நீண்ட கண் நீண்டதுதான், பத்து நிமிடத்தில் குட்டையாகிவிடாது.

இன்னும் கேட்டேன். நெற்றியில் இரண்டு புருவத்துக்கும் நடுவே மாலையில் வலி, ஞாயிற்றுக்கிழமை இல்லை. எழுத்து சில சமயம் சிறிதாகத் தெரிகிறது. தலையில் அடிபட்டது உண்டா என்று கேட்டேன், இல்லை.

கம்ப்யூட்டர் டெஸ்ட்டில் வலது மைனஸ் 3.75, இடது மைனஸ் 3.50 காட்டியது, போட்டிருந்த கண்ணாடியை விட அரைப் புள்ளி அதிகம் (மைனஸ் 1 என்றால் ஒரு புள்ளி). அந்த மெஷினுக்குள் நீண்ட ரோடும் அதன் முடிவில் ஒரு பலூனும் தெரியும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தூரத்தைப் பார்ப்பதாகக் கண்ணை நம்ப வைப்பதற்கான படம் அது. ஆனால் முகத்தை ஒட்டி ஒரு பெட்டிக்குள் பார்க்கிறோம் என்பது கண்ணுக்கும் தெரியும், இளவயதுக்காரர்களின் கண் உள்ளுக்குள் கிட்டத்துக்குக் குவிந்துவிடும், மெஷின் அதையும் சேர்த்து மைனஸாக எழுதும். அதனால் அந்தச் சீட்டை நான் ஒரு ஆரம்பப் புள்ளியாக மட்டும்தான் வைத்துக்கொள்வேன்.

அவருடைய கண்ணாடியோடு இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது முழுப் பார்வை, படித்தார் (இரண்டாவது எண் ஏற ஏறப் பார்வை குறைவு). இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். 26 வயதுக் கண்ணுக்கு ஒரு புள்ளி, ஒன்றேகால் புள்ளி அதிக மைனஸ் கொடுத்தாலும், உள்ளே இருக்கும் லென்ஸ் உப்பி அதைச் சரிக்கட்டிவிடும், கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். எழுத்து இன்னும் கறுப்பாக, கூர்மையாகத் தெரிகிறது என்று கூடச் சொல்வார்கள். 6/6 படிக்கிறார் என்பதற்காகப் பவர் சரி என்று ஆகிவிடாது.

கண்ணுக்குள் ஒளி அடித்து நிழல் அசைவதை வைத்துப் பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தபோது நிழல் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு நொடி ஒரு அளவு, அடுத்த நொடி வேறு அளவு. பக்கத்தில் படிக்கும் அட்டையைக் கொடுத்து முன்னால் பிளஸ் 1 லென்ஸை வைத்தேன், எழுத்து தெளிய எட்டு ஒன்பது நொடி ஆனது, சில முறை தெளியவே இல்லை. பக்கத்தில் பார்க்க லென்ஸை உப்பவைக்கும் தசை தளர மறுக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

வண்டியில் வந்திருந்தார், மாலை நேரம், அந்தத் தசையைத் தளர்த்திப் பார்வையை மங்கவைக்கும் சொட்டு மருந்தை அன்று போட்டு அனுப்ப முடியாது. ஞாயிறு காலை துணைக்கு ஒருவரோடு வரச் சொன்னேன். புதுக் கண்ணாடி எழுதவில்லை. "இன்னைக்கே எழுதிக் குடுத்துருங்க அக்கா, லீவு கிடைக்காது" என்று இரண்டு முறை கேட்டார். எழுதியிருந்தால் அது நான்காவது கண்ணாடியாகப் போயிருக்கும்.

வேறு என்னவெல்லாம் இருக்கலாம்

பெரியவர்களுக்கு மைனஸ் ஏறினால் கண்ணை மட்டும் பார்த்தால் போதாது. டாக்டரிடம் பேசி சிலவற்றை வரிசையாக விலக்கினோம்.

முதலில் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை இழுத்து மாறும், சில வாரங்களில் மைனஸ் பவர் தோன்றும். சிகிச்சையில் சர்க்கரை வேகமாக இறங்கினால் பவர் எதிர்ப் பக்கம் போகும். அதே மாதம் 41 வயது கணக்காளர் ஒருவர் "ஒரே மாசத்துல மைனஸ் வந்துருச்சுங்க" என்று வந்தார், அவருக்கு இருந்தது சர்க்கரைதான், அதுவரை அவருக்கே தெரியாது. அவருக்குக் கண்ணாடி எழுதாமல் பொது மருத்துவரிடம் அனுப்பினோம், சர்க்கரை கட்டுக்கு வந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் மைனஸ் காணாமல் போயிருந்தது. நம் தம்பிக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 5.3, பிரச்சினை இல்லை.

அடுத்து மருந்து. ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் டோபிராமேட், சல்ஃபா வகை மருந்துகள், சில நீர் மாத்திரைகள், இவை சிலருக்குக் கண்ணின் உட்பகுதியை வீங்கவைத்து லென்ஸை முன்னால் தள்ளும். ஒரு வாரம் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று பல புள்ளி மைனஸ் வரும், கூடவே கண் அழுத்தம் ஏறினால் அவசர நிலை. இவருக்குத் தலைவலி இருந்ததால் யாராவது டோபிராமேட் எழுதியிருப்பார்களோ என்று குறிப்பாகக் கேட்டேன். பாராசிட்டமால் தவிர எதுவும் எடுக்கவில்லை.

மூன்றாவது கருவிழி. பஞ்சுத் தூசியில் வேலை செய்கிற ஊர் இது, கண் அரித்துக் கசக்குகிறவர்கள் ஏராளம். விடாமல் கசக்குகிறவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரடோகோனஸ் வரும் வாய்ப்பு கூடுதல், அதிலும் இப்படித்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடி மாறிக்கொண்டே இருக்கும். இவரும் கசக்குகிற ஆள்தான். கருவிழி வரைபடம் எடுத்துப் பார்த்தோம், ஒழுங்காக இருந்தது. கண்புரையின் ஆரம்பமும் மைனஸ் காட்டும், அதை இந்த வயதில் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, லென்ஸ் தெளிவாகவே இருந்தது.

சொட்டு மருந்துக்குப் பின்

ஞாயிறு காலை மச்சானோடு வந்தார். சொட்டு போடுவதற்கு முன்பு அதே மெஷினில் மறுபடி பார்த்தேன். வலது மைனஸ் 2.75, இடது மைனஸ் 2.50. மூன்று நாள் முன்பு மாலையில் எடுத்ததை விட ஒரு முழுப் புள்ளி குறைவு. சனி இரவு சீக்கிரம் தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு தசையைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டு, இடைவெளி விட்டு இரண்டு முறை. நாற்பது நிமிடம் கழித்து வலது மைனஸ் 2, இடது மைனஸ் 1.75. ரெட்டினோஸ்கோப்பில் நிழல் இப்போது அசையாமல் நின்றது. அப்படியானால் போட்டிருந்த கண்ணாடியில் ஒன்றேகால் புள்ளி பொய். நம் தமிழில் பொய்க் கிட்டப்பார்வை என்றே சொல்லலாம், தூரத்தைப் பார்க்கும்போதும் கிட்டத்துக்குக் குவித்த தசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பை அளந்து அதற்கும் சேர்த்து மைனஸ் கொடுத்தால், பக்கத்தில் பார்க்கத் தசை இன்னும் இழுக்க வேண்டும், அதனால் பிடிப்பு இன்னும் ஏறும், மறுபடி கடைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் மைனஸ். பத்து மாதத்தில் மூன்று கண்ணாடி வந்த கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு எளிது. 50 சென்டிமீட்டரில் இருக்கும் திரைக்குக் கண் 2 புள்ளி குவிய வேண்டும், 33 சென்டிமீட்டருக்கு 3 புள்ளி, 20 சென்டிமீட்டரில் பிடித்த போனுக்கு 5 புள்ளி. இவர் லேப்டாப்பை மடியில் வைத்துக் காட்டச் சொன்னேன், டேப்பில் அளந்தால் 32 சென்டிமீட்டர். 3 புள்ளி, அதற்கு மேல் கண்ணாடியில் இருக்கும் ஒன்றேகால். நாலேகால் புள்ளியைத் தினமும் பதினான்கு மணி நேரம் அந்தத் தசை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

கண்பாப்பா விரிந்திருந்ததால் டாக்டர் விழித்திரையின் ஓரம் வரை பார்த்தார். இடது கண்ணின் மேல் ஓரத்தில் லாட்டிஸ் எனப்படும் மெலிந்த பட்டை ஒன்று இருந்தது, ஓட்டை இல்லை, சிகிச்சை தேவையில்லை, வருடம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றார். மின்னல் போல ஒளி, புதிதாகப் பறக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவது போலத் தெரிந்தால் அன்றே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். மூன்று முறை கண்ணாடி மாற்றியும் அந்தப் பட்டையை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

கண்ணின் நீளம் வலது 24.62 மில்லிமீட்டர், இடது 24.51. பெரியவர்களின் கண் சராசரியாக 23.5-லிருந்து 24 வரை.

உண்மையில் ஏறியது எவ்வளவு

பொய்யைக் கழித்த பிறகும் மைனஸ் 1.25 மைனஸ் 2 ஆகியிருக்கிறது. முக்கால் புள்ளி. 2018 சீட்டும் சொட்டு போடாமல் எடுத்ததுதான், அதனால் உண்மையான ஏற்றம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கலாம். பழைய நீள அளவு இல்லாததால் கண் எவ்வளவு வளர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பெரியவர்களின் கண் வளருமா என்றால், வளரும், மெதுவாக. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 20 வயதில் அளந்தவர்களை 28 வயதில் மறுபடி அளந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஆரம்பத்தில் கிட்டப்பார்வை இல்லாதவர்களில் 14 விழுக்காட்டினருக்கு அந்த எட்டு ஆண்டில் புதிதாக வந்தது. சராசரி ஏற்றம் வருடத்துக்கு 0.04 புள்ளி, நீளத்தில் 0.02 மில்லிமீட்டர். யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால் கிழக்காசிய மரபினர், பெண்கள், பெற்றோருக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், பிறகு வெயிலில் குறைவாக இருந்தவர்கள். வெயிலைப் பங்கேற்றவர்கள் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை, கண்ணின் வெள்ளைப் பகுதியில் புற ஊதாக் கதிர் விட்டுச்செல்லும் தடயத்தின் பரப்பளவையே படமெடுத்து அளந்தார்கள், அதனால் எனக்கு அந்த முடிவின் மேல் நம்பிக்கை அதிகம்.

வேலையைப் பொறுத்தவரை, பிரிட்டனில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப் பார்க்கும் ஆய்வகப் பணியாளர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 1997-ல் எழுதினார்கள், பவர் இல்லாத கண்களில் 39 விழுக்காடு கிட்டப்பார்வைப் பக்கம் போயின. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். படிப்பைப் பற்றி 2018-ல் பிரிட்டனில் மரபணுத் தகவலை வைத்துச் செய்த ஆய்வும் இருக்கிறது, ஒவ்வொரு கூடுதல் வருடப் படிப்புக்கும் சுமார் 0.27 புள்ளி மைனஸ். கோபன்ஹேகனில் மருத்துவ மாணவர்களை இரண்டு ஆண்டு பார்த்ததில், உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கு ஏற்றம் குறைவாக இருந்தது.

இதையெல்லாம் இவரோடு பொருத்திப் பார்த்தால், அம்மா வழியில் வந்த வாய்ப்பு பிறப்பிலிருந்தே இருந்தது. மெர்ச்சண்டைசராக வண்டியில் சுற்றிய காலத்தில் அது அடங்கியிருந்தது போலத் தெரிகிறது. 2021 ஜூலையில் வெளிச்சமும் தூரமும் ஒரே நாளில் போய்விட்டன. ஒரு ஆளை வைத்து இதை நிரூபிக்க முடியாது, ஆனால் காலவரிசை இவ்வளவு தெளிவாக அமைவது அபூர்வம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கண்ணாடி இரண்டு. தூரத்துக்கு வலது மைனஸ் 2, இடது மைனஸ் 1.75. திரைக்கு மட்டும் தனியாக மைனஸ் 1, மைனஸ் 0.75, அதாவது பக்கத்து வேலைக்கு ஒரு புள்ளி பாரத்தைத் தசையிடமிருந்து கண்ணாடி வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே லென்ஸில் கொடுக்கலாம், விலை அவருக்குக் கட்டவில்லை.

தசைப் பிடிப்பு விடுவதற்கு அட்ரோபின் போடலாமா என்று பேசினோம். அட்ரோபின் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் பக்கத்தில் எதுவும் தெரியாது, அவருக்குச் சனிக்கிழமை சம்பளம், வேலை செய்யாவிட்டால் சம்பளம் இல்லை. டாக்டர் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் ஹோமட்ரோபின் சொட்டு எழுதினார், சனி இரவு மட்டும், ஆறு வாரம். ஞாயிறு முழுக்கத் தசை தளர்ந்திருக்கும், வண்டி ஓட்டக்கூடாது, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. குழந்தைகளுக்கு ஏற்றத்தைக் குறைக்கக் கொடுக்கும் குறைந்த அளவு அட்ரோபினை இவருக்குக் கேட்டு வந்தார்கள் (மச்சான் யூடியூபில் பார்த்திருந்தார்), இந்த வயதுக்கு அதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லித் தவிர்த்தோம்.

வேலையில், திரையை 60 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைப்பது, லேப்டாப்பை மடியிலிருந்து மேசைக்கு மாற்றி ஒரு பழைய மானிட்டரை இணைப்பது, ஒவ்வொரு சாம்பிள் மெஷினில் ஓடும்போதும் எழுந்து வெளியே போய் நிற்பது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது நொடி தூரத்தைப் பார்ப்பது என்ற விதியை நான் சொல்லவில்லை. தையல் போட்டுக்கொண்டிருப்பவர் கடிகாரம் பார்க்க மாட்டார். சாம்பிள் எப்படியும் ஓடியாக வேண்டும், அதில் இடைவேளையைக் கட்டிவிட்டால் மறக்காது.

வெயில் பற்றிக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன், வெளியே இருப்பது கிட்டப்பார்வை வராமல் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று குழந்தைகளிடம்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் அறையில் என் போன் மீட்டர் ஆப்பில் வெளிச்சம் 150 லக்ஸ்தான் காட்டியது (பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன்), வெளியே வேப்ப மர நிழலில் பல ஆயிரம். நஷ்டம் இல்லாத யோசனை என்பதால் காலையில் அரை மணி, மதியச் சாப்பாடு வெளியே என்று சொன்னேன்.

நான்காம் நாள்

புதுக் கண்ணாடி வாங்கிய நான்காம் நாள் போன் வந்தது. கோபமாகத்தான் இருந்தார், இருக்க வேண்டியதுதான். "எட்டரை மணிக்கு தாராபுரம் ரோட்டுல எதிர்ல வர்ற வண்டி ஒண்ணும் தெரியலீங்க, பழைய கண்ணாடியையே போட்டுக்கிட்டேன்."

தவறு என்னுடையது. சொட்டு போட்டு வந்த எண்ணை அப்படியே கண்ணாடியாக எழுதிவிட்டேன். எழுதும் முன் சோதித்துப் பார்க்கவும் செய்தேன், ஆனால் அடுத்த ஞாயிறு காலையில், ஓய்வெடுத்துவிட்டு வந்த கண்ணில். அப்போது 6/9 படித்தார், போதும் என்று நினைத்தேன். அவர் வண்டி ஓட்டுவது ஞாயிறு காலையில் அல்ல, பதினோரு மணி நேர வேலைக்குப் பின் இருட்டில். அன்று மாலையே வரச் சொல்லி அளந்தேன், அதே கண்ணாடியில் 6/24. அந்தப் பார்வையோடு மூன்று இரவு வண்டி ஓட்டியிருக்கிறார். ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு எனக்குப் பல நாள் போகவில்லை.

பிடிப்பு ஒரே நாளில் வரவில்லை, ஒரே நாளில் விடாது. தூரக் கண்ணாடியை வலது மைனஸ் 2.75, இடது மைனஸ் 2.50 ஆக்கிக் கொடுத்தோம், லென்ஸுக்குப் பணம் வாங்கவில்லை. இரவில் வண்டிக்கு அது மட்டும், திரைக்கு அந்தத் தனிக் கண்ணாடி. வேலை முடிந்ததும் பத்து நிமிடம் வாசலில் நின்று தூரத்தைப் பார்த்துவிட்டு, பஸ் போர்டு தெரிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், அவர் வாயாலேயே அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லியிருந்தார்.

பிறகு நடந்தது

மூன்றாம் வாரம் தலைவலி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கூடப் பார்க்க முடியவில்லை என்றார், அதனால் மச்சானோடு கிரிக்கெட் பார்க்கப் போனாராம், ஃபீல்டிங்கும் செய்தாராம். ஆறாம் வாரம் மாலையில் வரச் சொல்லி அளந்தேன், மைனஸ் 2.50. பிளஸ் 1 லென்ஸில் எழுத்து இரண்டு நொடியில் தெளிந்தது. சொட்டை நிறுத்தினோம். மூன்றாம் மாதம் மாலை அளவும் மைனஸ் 2.25-க்கு இறங்கியது, கண்ணாடியை அங்கே நிறுத்தினோம்.

நடுவில் ஒரு சறுக்கல். 2023 ஜூனில் ஒரு பெரிய ஆர்டர், மூன்று வாரம் இரவு ஒரு மணி வரை வேலை, திரைக் கண்ணாடி உடைந்து மாற்றாமல் தூரக் கண்ணாடியோடே உட்கார்ந்திருக்கிறார். மாலை மங்கல் திரும்பி வந்தது. இந்த முறை கடைக்குப் போகாமல் எங்களிடம் வந்தார். உடைந்ததை மாற்றிக் கொடுத்தோம், ஆர்டர் முடிந்ததும் அது தானாகச் சரியானது, சொட்டு தேவைப்படவில்லை.

2023 நவம்பரில் சொட்டு போட்டு அளந்தால் வலது மைனஸ் 2.25, இடது மைனஸ் 2. நீளம் 24.69, 24.57. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி என்று வைத்தால் பவரும் நீளமும் ஒத்துப்போகின்றன, இந்தக் கால் புள்ளி பொய் இல்லை, கண் உண்மையில் வளர்ந்திருக்கிறது. அவருக்கு ஏமாற்றம். "எல்லாம் செஞ்சும் ஏறிருச்சுங்களே அக்கா" என்றார். முந்தைய வருடத்தோடு ஒப்பிடக் கணக்கு இல்லை தம்பி, அடுத்த வருடம் பார்த்தால் தெரியும் என்றேன். அந்த வருடம் அவர் இரவு ஆர்டரை விட்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், கடன் 2024 மார்ச்சில்தான் முடிந்தது. அதன் பிறகு இரவு வேலையை நிறுத்தினார். யூனிட் முதலாளி இடம் மாற்றும்போது பஞ்சிங் மேசையை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தார், திரையில் வெயில் அடிக்காமல் பக்கவாட்டில்.

2024 நவம்பரில் பவர் மாறவில்லை. நீளம் 24.71, 24.58. லாட்டிஸ் பட்டை அப்படியே இருக்கிறது.

இரவு வேலை நின்றதாலா, வெளிச்சத்தாலா, 28 வயது ஆனதால் தானாகவே வேகம் குறைந்ததா, பிரித்துச் சொல்ல முடியாது. பொய்ப் பகுதி போனதற்குக் கண்ணாடியும் சொட்டும் தூரமும் காரணம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை, 2023 ஜூனில் அவற்றில் ஒன்று போனதும் அது திரும்பி வந்ததைப் பார்த்தோம்.

இப்போது மாற்றிச் செய்வது

20 வயதைத் தாண்டியவருக்கு ஒரு வருடத்தில் அரைப் புள்ளிக்கு மேல் மைனஸ் ஏறியிருந்தால் எங்கள் மருத்துவமனையில் சொட்டு போடாமல் கண்ணாடி எழுதுவதில்லை. சர்க்கரையும் மருந்துப் பட்டியலும் கேட்கிறோம், கருவிழி வரைபடம் எடுக்கிறோம், நீளத்தை முதல் வருகையிலேயே எழுதி வைக்கிறோம். பழைய சீட்டு இல்லாதவரிடம் பழைய கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி லென்ஸை அளக்கிறோம், பீரோவில் நிச்சயம் ஒன்று கிடக்கும்.

பவரைக் குறைத்தால், அவர் வண்டி ஓட்டுகிற நேரத்தில் ஒரு முறை வரவைத்து அளக்காமல் கொடுப்பதில்லை. அரைப் புள்ளிக்கு மேல் ஒரே தடவையில் இறக்குவதும் இல்லை.

வேலை பற்றிக் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "என்ன வேலை" என்று கேட்டால் "கம்பெனி வேலை" என்பார்கள். இப்போது "கண் எதைப் பார்த்துக்கிட்டு இருக்கும், எவ்வளவு பக்கத்துல, எத்தனை மணிக்கு வெயில் படும்" என்று கேட்கிறேன், முடிந்தால் டேப்பைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்கிறேன். இதே ஊரில் செக்கிங்கில் துணி பார்க்கிற பெண்கள், கல் ஒட்டுகிறவர்கள், இரவெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் 20 முதல் 30 வயதுக்குள்தான் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பொய் மைனஸோடு நடமாடுகிறார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் இரண்டு கண்ணாடிக் கடைகளில் போய்ப் பேசினேன். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது முறை பவர் ஏறினால் லென்ஸ் போடாமல் எந்தக் கண் மருத்துவரிடமாவது அனுப்புங்கள், எங்களிடம்தான் என்று இல்லை என்று சொன்னேன். ஒரு கடைக்காரர் அனுப்புகிறார், இதுவரை பதினொரு பேர், அதில் நான்கு பேருக்குப் பொய்ப் பகுதி இருந்தது, ஒருவருக்குக் கெரடோகோனஸ். இன்னொரு கடையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.